வாலிபால் முகாமில் நான் கொடுத்த விளக்கெண்ணெய்

கட்டுமாவடி மைதீனுக்கு ஒரு நூற்பு மில்லில் வேலை கிடைத்திருக்க வேண்டும். அது கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்பவர்கள் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சிரித்து முடித்த பிறகு, நான் செய்தது தவறு என்று சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. என் மனைவி இன்றுவரை வாங்கியதில்லை.

அந்தத் தவறைச் செய்ய எனக்கு ஒரு பி.ஏ. பட்டமும் ஒரு டின் விளக்கெண்ணெயும் போதுமானதாக இருந்தன. பட்டம் என்னுடையது. எண்ணெய் என் மாமாவுடையது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது அறந்தாங்கிப் பக்கமெல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. நான் புதுக்கோட்டைக்காரன். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். (உட்கார்ந்திருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலும் படுத்துத்தான் கிடந்தேன்.) என் அம்மாவின் தம்பி அறந்தாங்கியில் அரிசி மில் வைத்திருந்தார். அதை ஒட்டியே ஓர் எண்ணெய்ச் செக்கும் இருந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வாலிபால் குழு இருந்தது. அதற்குச் சட்டை எடுத்துக் கொடுப்பார், சோறு போடுவார், ஒவ்வொரு சித்திரையிலும் லாரியில் ஏற்றிப் புதுக்கோட்டைப் போட்டிக்கு அழைத்துப் போவார். அவர்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்பார்கள். அதே லாரியில் திரும்பி வருவார்கள். வரும் வழியில் மாமா யாரோடும் பேசமாட்டார்.

அந்த வருடம் ஒரு செய்தி வந்தது. மதுரைப் பக்கத்து மில் ஒன்று புதிதாக வாலிபால் குழு சேர்க்கிறது. அதன் தொழிலாளர் நல அதிகாரி புதுக்கோட்டைப் போட்டிக்கு வந்து, நன்றாக ஆடும் இரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து, மில்லில் நிரந்தர வேலையும் கொடுப்பார். மாமாவுக்கு அதுவே கோப்பை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. தன் குழுவிலிருந்து அந்த இரண்டு பேரும் போக வேண்டும் என்று முடிவு செய்தார். எனக்கு ஆள் அனுப்பினார்.

"மாப்ள, நீ சும்மாதான கெடக்க. இந்த வருசம் பயலுகள மொறையாப் பழக்கணும். நீ வந்து பாத்துக்க."

"மாமா, எனக்கு வாலிபால் ஆடத் தெரியாதே."

"ஆடத்தான் ஆறு பேரு இருக்கானுங்கள்ல. பாத்துக்கிறதுக்குத்தான ஆளு இல்ல."

நூல்நிலையத்திலிருந்து தேகப்பயிற்சி பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகமும், கடையிலிருந்து ஒரு விசிலும் வாங்கிக்கொண்டு அறந்தாங்கிக்கு ரயில் ஏறினேன்.

மைதானம் என்பது வற்றிப்போன கண்மாய். பங்குனியில் தண்ணீர் சுண்டிவிட்டால் அதன் நடுப்பகுதி சிமெண்டுத் தரைபோல இறுகிவிடும். இரண்டு கம்பம் நட்டு வலை கட்டினால் போதும். சுற்றிலும் கருவேல மரங்கள். ஆட்டக்காரர்கள் மாமாவின் அரிசி குடோனில் தங்கினார்கள். ஐந்து பேர் அறந்தாங்கியைச் சுற்றியுள்ளவர்கள். அவர்களில் தலைவர் ராஜகோபால், பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எதைச் சொன்னாலும் "ரைட்" என்பார். ஆறாவது ஆள் மைதீன்.

மைதீன் கட்டுமாவடியில் மீன் பிடிக்கிறவர். (அப்போது நான் அவன் இவன் என்றுதான் சொல்வேன். இப்போது வாய் வரவில்லை.) நெட்டையான ஆள். கடற்கரை மணலில் பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தபோது, அரிசி மூட்டை இறக்கப் போயிருந்த மாமா பார்த்துப் பிடித்து வந்தார். மூன்று வாரம் கடலுக்குப் போகாமல் முகாமில் தங்குவது என்றால் அவர் வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் வந்தார். காரணத்தை வந்த அன்றே வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்.

"மணமேல்குடியில எங்க காசிம் மாமு இருக்காருங்க சார். கருவாட்டு வியாபாரம். அவரு மகள எனக்குத்தான் பேசியிருந்தாங்க. இப்ப, கடலுக்குப் போறவனுக்குப் பொண்ணு இல்லைங்கிறாரு. கரையில ஒரு வேல கெடச்சா நாளைக்கே நிக்காஹ் வச்சுக்கலாம்னு சொல்லியிருக்காரு."

"கவலைப்படாதே. நான் சொல்கிறபடி நடந்தால் போதும்," என்றேன்.

அவர் நான் சொன்னபடி நடந்தார். அதுதான் வினை.

என் ஆங்கிலப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில், பயிற்சியைத் தொடங்குமுன் வீரனின் உடல் உள்ளே சுத்தமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் உள்ளே சுத்தம் செய்வது என்றால் ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லீவு விட்டதும் பிள்ளைகள் எல்லாரையும் விடியற்காலையில் வரிசையாக உட்காரவைத்து, மூக்கைப் பிடித்து, சுக்குக் கஷாயத்தோடு விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். அன்று முழுக்க ரசம் சாதம். மறுநாள் பிள்ளைகள் இளைத்துப்போய்ப் புத்திசாலிகளாகத் தெரிவார்கள். வீரர்களுக்கும் அதே முறை என்று தீர்மானித்தேன். (புத்தகத்தை எழுதிய வெள்ளைக்காரர் நிறையக் காய்கறி சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றுதான் சொல்ல வந்திருக்கிறார். அது அடுத்த பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தை நான் சித்திரை மாதம் படித்தேன்.)

மாமாவின் செக்கில் எண்ணெய்க்கா பஞ்சம்? ஒரு டின்னே வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை குடோன் வாசலில் ஆறு தம்ளர்களை வரிசையாக வைத்து நானே ஊற்றினேன். வீட்டில் ஊற்றுவது ஒரு கரண்டி. இவர்கள் வீரர்கள் என்பதால் தம்ளரில் முக்கால் வாசி. ராஜகோபால் தம்ளரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், இத இங்கேயே குடிக்கணுமா? கண்மாக்கரையில ஒக்காந்து குடிச்சா காத்தோட்டமா இருக்கும்."

"எங்கே குடித்தாலும் சரி. மிச்சம் வைக்கக் கூடாது."

"ரைட்."

ஆறு பேரும் தம்ளரை ஏந்திக்கொண்டு கரைமேல் ஏறிப் போனார்கள். திரும்பி வரும்போது தம்ளர்கள் காலியாக இருந்தன. என் நிர்வாகத் திறமையை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் பயிற்சி தொடங்கியது. நான் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தேன். ஐந்து பேர் குதிரைக் குட்டிகள்போல ஓடினார்கள். சுத்தமான உடம்பின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். மைதீன் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். பந்து தலைக்கு மேலே போனால் அண்ணாந்து பார்ப்பார். பக்கத்தில் விழுந்தால் குனிந்து பார்ப்பார். திடீரென்று ஆட்டத்தை விட்டுவிட்டுக் கருவேல மரங்களுக்கு அங்கிட்டுப் போய்விடுவார். வெகுநேரம் கழித்து வருவார். மறுபடி போவார். அடுத்த நாளும் அதே கதை. இடையில் ஒருமுறை என்னிடம் வந்தார்.

"சார், ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கு. இன்னைக்கு மட்டும் ஒக்காந்துக்கிறட்டுமா?"

"வீரன் வாயில் அந்தச் சொல்லே வரக் கூடாது," என்றேன். இது புத்தகத்தில் இல்லை. நானாகச் சொன்னது.

"சரிங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போய் நின்றுகொண்டார்.

இந்த இரண்டு நாள் அவதானிப்பை வைத்துக்கொண்டு நான் ஒரு கட்டுரை எழுதினேன். எழுத்தாளன் ஆக வேண்டும் என்ற நப்பாசை அப்போது எனக்கு இருந்தது. திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். 'பயிற்சி முகாமில் முதல் பார்வை' என்று தலைப்பு. அவர்களுக்கும் அந்த வாரம் பக்கம் காலியாக இருந்திருக்க வேண்டும். போட்டுவிட்டார்கள். அதில் ராஜகோபாலைச் சிறுத்தை என்று எழுதியிருந்தேன். மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு மிருகம் ஒதுக்கியிருந்தேன். மைதீனைப் பற்றி எழுதியது இது. இதை மறக்க எவ்வளவோ முயன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது:

'கட்டுமாவடி மைதீன் இக்குழுவில் எதற்காக இருக்கிறார் என்பது விளங்கவில்லை. பந்து தம்மைத் தேடி வரவேண்டுமென எதிர்பார்க்கும் ஜமீன்தார் இவர். ஆட்டத்தின் நடுவே அடிக்கடி மரங்களை நாடிச் செல்வதால், இயற்கைக் காட்சிகளில் ஈடுபாடு மிக்கவர் எனத் தெரிகிறது.'

மாமா பத்திரிகையைக் கட்டாக வாங்கி, மில்லுக்கு வந்த எல்லாருக்கும் கொடுத்தார். கட்டுரையைக் கிழித்து மில் வாசல் கதவில் ஒட்டினார். ஒட்டிவிட்டு வந்து, மைதீனை ஆறு பேரிலிருந்து எடுத்துவிட்டார். அந்த இடத்தில் தன் லாரி டிரைவரைப் போட்டார். டிரைவர் நல்ல மனிதர். ஆனால் அவர் எழும்பினால் கால் மட்டும் தரையிலேயே இருக்கும்.

"நீ ஒதுக்கு ஆளா இருந்துக்க தம்பி. யாருக்காச்சும் அடிபட்டா ஏறிக்கலாம்," என்று மாமா மைதீனிடம் சொன்னார்.

மைதீன் ஊருக்குப் போகவில்லை. பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார். ஒரு வாரம் போனது. ஒருநாள் சாயங்காலம் பயிற்சி முடிந்து மற்றவர்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு பந்தை வலைக்கு மேலே தூக்கிப் போட, மைதீன் ஓடிவந்து எழும்பி அடித்தார். பந்து அந்தப் பக்கம் தரையில் பட்டுக் கண்மாய்க் கரையைத் தாண்டிப் போய் விழுந்தது. இன்னொன்று போட்டார்கள். அதுவும் போனது. வாலிபால் தெரியாத நானே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"இவன் முன்னே ஏன் இப்படி ஆடவில்லை?" என்று பக்கத்தில் நின்ற ராஜகோபாலிடம் கேட்டேன்.

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். "சொன்னா கோவிச்சுக்கக் கூடாது சார். நீங்க குடுத்த எண்ணெய நாங்க அஞ்சு பேரும் குடிக்கல. நாலு தம்ளரு வேலிக்குப் போச்சு. பாயி ஒருத்தந்தான் குடிச்சான்."

"ஒரு தம்ளர் எண்ணெய்க்கா அத்தனை நாள்?"

"ஒரு தம்ளரு இல்ல சார், ரெண்டு. ஒசரமான ஆளுக்கு ரெண்டு பங்குன்னு சார் சொல்லிவிட்டாருன்னு என் தம்ளரையும் குடுத்தேன். மறுபேச்சுப் பேசல. பிஸ்மி சொல்லி வாங்கிக் குடிச்சிட்டான்."

நான் சிரித்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். முதலில் சிரித்தேன்.

பிறகு கதவில் ஒட்டியிருந்த கட்டுரை ஞாபகம் வந்தது. மாமாவிடம் போய், "நான் எழுதியது தப்பு, எண்ணெய் கொடுத்தது தப்பு, ஐந்து பேர் என்னை ஏமாற்றியதும் எனக்குத் தெரியவில்லை," என்று மூன்று வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மாமா இரண்டு நாள் கேலி செய்துவிட்டு மைதீனை ஏற்றியிருப்பார். நான் போனேன். ஆனால் சொன்னது வேறு.

"மாமா, மைதீன் இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறான். வேண்டுமானால்..."

"அச்சுல வந்துருச்சே மாப்ள. ஊரே படிச்சிருக்கு. இப்ப அவன ஏத்துனா ஒன் பேரு என்னாகுறது?"

அவர் என் பெயரைக் காப்பாற்றுகிறார் என்பது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

புதுக்கோட்டைப் போட்டி நாள் வந்தது. மில் அதிகாரி வெள்ளை முழுக்கைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாமா என்னைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் உட்காரவைத்தார். அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். என் கட்டுரை.

"நீங்கள் எழுதியதுதானே? எனக்கு வேலை மிச்சம். சிறுத்தை யார், காட்டுங்கள்," என்றார்.

காட்டினேன். ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் சும்மா பந்தடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒதுக்கு ஆளான மைதீனும் கூட நின்று அடித்தார். அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த நெட்டைப் பையன் யார்? நல்ல கை."

"அவன்தான் மைதீன்."

"நீங்கள் ஜமீன்தார் என்று எழுதியவரா? பார்த்தால் அப்படித் தெரியவில்லையே."

என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாகத் திறந்து கிடந்த கதவை நான் பிறகு பார்த்ததில்லை. அவரே கேட்கிறார். மாமா பக்கத்தில் இல்லை. 'ஆமாம் சார், நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன்' என்றால் முடிந்தது. ஆனால் அவர் கையில் என் கட்டுரை இருந்தது. என் பெயர் அச்சில் இருந்தது. என்னைப் பெரிய ஆள் என்று நினைத்து ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பழகும்போது இப்படித்தான் அடிப்பான் சார். ஆட்டத்தில் நிற்கமாட்டான்," என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லாரி டிரைவரின் முதுகில் பட்டு மட்டும் நாங்கள் ஏழெட்டுப் புள்ளிகள் இழந்தோம். வழக்கம்போல முதல் சுற்றிலேயே தோற்றோம். இருந்தாலும் அதிகாரி ராஜகோபாலையும் இன்னொருவரையும் பெயர் குறித்துக்கொண்டார். மைதீன் மைதானத்துக்கு வெளியே எல்லாருடைய சட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது லாரியில் என் எதிரே இருந்தார். "அடுத்த வருசம் பாக்கலாம் சார்," என்று எனக்கு ஆறுதல் சொன்னார். தோற்றதில் நான் வருத்தமாக இருப்பதாக நினைத்துக்கொண்டார்.

அந்த ஆறுதல் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, மதுரைக்கு ரயில் ஏறி அந்த மில்லுக்கே போனேன். அதிகாரியின் அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், வேலி, இரண்டாவது தம்ளர், மைதானத்தில் நான் சொன்ன பொய் உட்பட. அவர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு இடமும் நிரம்பிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். நான் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். (எழுவதாவது. நான் உட்காரவே இல்லை.)

"கொஞ்சம் இருங்கள். என்ன படித்திருக்கிறீர்கள்?"

"பி.ஏ."

"எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு கிளார்க் வேண்டும். நாலு வருடத்தில் மூன்று பேரைத் திருட்டுக்காக அனுப்பிவிட்டேன். யாரும் கேட்காமலே இவ்வளவு தூரம் வந்து உண்மையைச் சொல்கிற ஆள் எனக்குக் கிடைக்கமாட்டார். சேருகிறீர்களா?"

மைதீனுக்கு வேலை கேட்கப் போனவன் எனக்கு வேலை வாங்கிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ரயிலில் வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். சேர்கிறேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

வேலையில் சேர்வதற்கு முன்பு கட்டுமாவடிக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் புதுச் செருப்போடு நடந்தேன். வள்ளங்கள் கரையேறியிருந்தன. மைதீன் மணலில் குந்தி, வலையில் மாட்டியிருந்த மீன்களைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். என்ன இம்புட்டு தூரம்? தண்ணி குடிக்கிறீங்களா?"

"முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள் மைதீன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவரை நான் 'ங்கள்' போட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை. கட்டுரை தப்பு என்றும், அவர் அப்படி ஆடியதற்கு என் எண்ணெய்தான் காரணம் என்றும் சொன்னேன்.

"அதெப்படி சார்? எண்ணெய எல்லாருந்தான குடிச்சாங்க? அவங்க நல்லாத்தான ஆடுனாங்க?"

"யாரும் குடிக்கவில்லை. வேலிக்கு ஊற்றிவிட்டார்கள்."

"ராசகோபாலுமா?"

"அவர் பங்கைத்தான் உங்களுக்குக் கொடுத்தார்."

ஒரு மீனைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றினார்.

"ஒசரமான ஆளுக்கு ரெண்டு பங்குன்னு நீங்க சொல்லலையா?"

"இல்லை."

"அன்னைக்கே நெனச்சேன், ஒசரத்துக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்னு. படிச்சவங்க சொல்றாங்கன்னு விட்டுட்டேன்." கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, "மில்லுல இப்ப எடம் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"நிரம்பிவிட்டது."

"ராசகோபாலும் அங்கதான் இருக்காரா?"

"ஆமாம். நானும் அங்கேதான் சேரப்போகிறேன். ஸ்டோர்ஸில்."

"நல்லது சார்," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்னால் ஆனது ஏதாவது செய்கிறேன் என்றேன். அவர் கையைக் கடல் தண்ணீரில் கழுவிவிட்டு வந்து, "எங்க காசிம் மாமுகிட்ட மட்டும் இத ஒரு வார்த்த சொல்லிருங்க. பேப்பரப் பாத்ததுலேருந்து, எதுக்குமே லாயக்கில்லாதவன்னு என்னயச் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு," என்றார்.

அன்றே மணமேல்குடிக்குப் போனோம். சந்தை நாள். காசிம் மாமு கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"தம்பி, பேப்பர்ல போட்டத ஊரே படிச்சுச்சு. அத ஒரு ஆளு காதுல மட்டும் சொல்லி அழிக்க முடியுமா? எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

நியாயம்தான். நிமிர்ந்து நின்று சந்தைக்குக் கேட்கச் சொன்னேன். கூட்டம் கூடிவிட்டது. எம்புட்டு எண்ணெய் என்று ஒருவர் கேட்டார். சுக்கு போட்டீங்களா என்று இன்னொருவர் கேட்டார். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்பதால் முதலிலிருந்து இன்னொரு முறை சொல்லவேண்டியிருந்தது. கருவேல மரங்கள் பற்றிய இடத்தை எல்லாரும் விரும்பிக் கேட்டார்கள். ஒரு மீன்காரம்மா, "ரெண்டு தம்ளரு குடிச்சுப்புட்டு நின்னு பந்தடிச்சிருக்கான்ல. அவனுக்குல்ல வேல குடுத்திருக்கணும்," என்றார். சந்தை முழுக்க ஆமாம் போட்டது. காரியம் ஜெயம் என்று நினைத்து மைதீனைப் பார்த்தேன். அவர் மூட்டைக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காசிம் மாமு சிரிக்கவில்லை. என்னை உட்காரச் சொன்னார்.

"நீங்க சொல்றத நான் நம்புறேன் தம்பி. பய மேல தப்பு இல்ல. ஆனா ஒண்ணு. ஒருத்தன் குடுத்தான்னு குடிச்சான். இன்னொருத்தன் சொன்னான்னு ரெண்டாவதையும் குடிச்சான். முடியலைன்னு சொன்னதுக்கு நீங்க ஒரு அதட்டுப் போட்டதும் போயி நின்னுக்கிட்டான். ஆட்டத்த விட்டு எறக்குனா, அவனுங்க சட்டைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தான். இவனுக்கு நான் பொண்ணக் குடுத்தா, அவ சோத்தையும் எவனாச்சும் கேட்டா எடுத்துக் குடுத்துருவான்ல. ஆளு நல்லவந்தான். அதான் எனக்குப் பயமா இருக்கு."

நான் போகாமல் இருந்திருந்தால் அவர் மைதீனை ஆட வராதவன் என்று மட்டும் நினைத்திருப்பார். ஆட வராதவனுக்குப் பெண் கொடுப்பவர்கள் உண்டு.

அந்தப் பெண்ணைக் கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மைதீன் கடலுக்கே போனார். பின்னால் கோட்டைப்பட்டினத்தில் பெண் எடுத்தார் என்று கேள்விப்பட்டேன். மணமேல்குடிச் சந்தையில் நான் கத்திச் சொன்னதன் பலனாக அவருக்கு அந்தக் கரை முழுக்க 'ரெண்டு தம்ளர்' என்று பட்டப்பெயர் வந்து, அவருடைய வள்ளத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. என் வீட்டிலோ, நான் யாரையாவது பற்றிப் பார்த்த மாத்திரத்தில் அபிப்பிராயம் சொன்னால், அது பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவரோ மகளுக்கு வந்த வரனோ, என் மனைவி, "காலையில அவருக்கு என்ன குடுத்தாங்கன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்பாள். பிள்ளைகள் உடனே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்னையும் சிரிக்கச் சொல்வார்கள். சிரிப்பேன்.

அறுபதுகளில் ஒருமுறை மாமாவைப் பார்க்கப் போனபோது அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் மைதீனைப் பார்த்தேன். தோளில் ஒரு பெண் குழந்தை. அவரே என்னை அடையாளம் கண்டு வந்து பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார். நான் பழைய விஷயத்தை எடுத்தேன். நான் வந்து சொன்னது அவருக்குக் கொஞ்சமாவது உதவியதா என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். உதவியது என்று அவர் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"நீங்க வந்து சொல்ற வரைக்கும் எனக்கு நெசமாவே ஆட வராதுன்னுதான் சார் நெனச்சுக்கிட்டு இருந்தேன். பேப்பர்லயே போட்டுட்டாங்கள்ல. ஆட வராதவனுக்கு எப்படி வேல குடுப்பான்னு மனச ஆத்திக்கிட்டேன். அது ஒரு நிம்மதியாத்தான் இருந்துச்சு." டீயை ஒரு வாய் குடித்தார். "நீங்க சொன்னதுக்கப்புறம் ரொம்ப நாளு, வள்ளத்துல போறப்பல்லாம் கண்மாக்கரையத் தாண்டிப் போன அந்தப் பந்துதான் ஞாபகத்துக்கு வரும்."

கட்டுமாவடி பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையை மடியில் நிறுத்தி, அதன் கையைப் பிடித்து வெளியே நீட்டினார்.

"சாருக்கு டாட்டா சொல்லு."

அந்தப் பிள்ளை என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு கையை உள்ளே இழுத்துக்கொண்டது.